புதுச்சேரிப் பழைய மனைகளில் ஒளியிழை இணையமும் ஓரச்சு வடமும்: வீட்டு வலையமைப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி நகரின் தடித்த சுவர்களைக் கொண்ட பழைய வீடுகளில் ஒளியிழை இணையம் முன்கட்டோடு நின்றுவிடுகிறது. வைஃபை அலை பின்கட்டை எட்டுவதற்குள் மெலிந்து போகிறது. தொலைக்காட்சிக்காக முன்பே இழுக்கப்பட்டு இன்று பயனின்றிக் கிடக்கும் ஓரச்சு வடத்தை வீட்டு வலையமைப்பாக மாற்றிக்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறை எந்நிலையில் பொருந்தும், எந்நிலையில் தீங்கு விளைக்கும் என்பதை அதிர்வெண், குறிகை மெலிவு, மின்னல் காப்பு, தனியுரிமை ஆகியவற்றின் அடிப்படையில் ஆராய்கிறது. தெருக்கம்பியிலிருந்தும் மாடி டிஷ்ஷிலிருந்தும் முற்றிலும் துண்டிக்கப்பட்ட வடமே இதற்கு உகந்தது என்பது கட்டுரையின் நிலைப்பாடு.

திறவுச்சொற்கள்: ஓரச்சு வடம், ஒளியிழை, வீட்டு வலையமைப்பு, மோக்கா, புதுச்சேரி, மரபுக் கட்டடம்

முன்னுரை

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, பன்னாட்டுக் கருத்தரங்கம், புத்தொளிப் பயிற்சி ஆகியவை காணொளி வழி நிகழ்வது பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் வழக்கமாகிவிட்டது. புறத்தேர்வாளர் வினாத் தொடுக்கும் நேரத்தில் ஆய்வாளரின் முகம் திரையில் உறைந்து நிற்பதும், குரல் துண்டு துண்டாகக் கேட்பதும் பலரும் கண்டவையே. வீட்டில் ஒளியிழை இணைப்பு இருக்கிறது. கட்டணமும் உரிய காலத்தில் செலுத்தப்படுகிறது. வேகத்தை அளந்தால் முன்கூடத்தில் வினாடிக்கு 100 மெகாபிட் காட்டுகிறது. படிப்பறைக்குள் நுழைந்தால் அதே கருவி 5 மெகாபிட் காட்டுகிறது. குறை தெருவிலோ சேவை நிறுவனத்திலோ இல்லை. முன்கூடத்திற்கும் படிப்பறைக்கும் இடையிலுள்ள சுவர்களில் இருக்கிறது.

புதுச்சேரி நகரின் பழைய பகுதியில் இச்சிக்கல் கூர்மையாகத் தென்படுகிறது. நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலையொட்டி, உயர்ந்த மதிலும் தோட்டமும் தூண் வரிசை கொண்ட முகப்பும் உடைய பிரெஞ்சு மனைகள் நிற்கின்றன. மேற்கே தெருத் தாழ்வாரம், திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு என உள்நோக்கி நீளும் தமிழ் மனைகள் நிற்கின்றன. இரண்டும் கலந்த வடிவமும் உண்டு. கீழ்த்தளம் தமிழ் மரபிலும் மேல்தளம் பிரெஞ்சு மரபிலும் அமைந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அதற்குப் பலரும் அறிந்த சான்று. வடிவம் எதுவாயினும் கட்டுமானப் பொருள் பொதுவானது: செங்கல், சுண்ணாம்புக் காரை, மர உத்தரம். இவ்வீடுகளிலும் இவற்றைப் பின்பற்றி எழுந்த பிற்கால வீடுகளிலும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் வாடகைக்கோ உரிமையிலோ குடியிருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் குறித்து

‘கோஆக்சியல் கேபிள்’ என்பதற்கு ‘இணையச்சு வடம்’, ‘ஓரச்சு வடம்’ என இரு சொற்கள் தமிழில் வழங்குகின்றன. முதற்சொல்லில் இரு இடர்கள் உள்ளன. அதனை ‘இணையம் + அச்சு’ என்று வாசிப்போர் உண்டு. ‘இணை அச்சு’ என்று சரியாகப் பிரித்தாலும், அருகருகே ஓடும் இரண்டு அச்சுகள் என்ற பொருளே முந்துகிறது. இவ்வடத்தின் சிறப்போ நடுக்கம்பியும் அதைச் சூழ்ந்த உலோக உறையும் ஒரே அச்சைப் பகிர்வதுதான். ஆகவே ‘ஓரச்சு வடம்’ என்பதே இங்குக் கையாளப்படுகிறது. கடைத்தெருவில் இதைக் கேட்டால் எவருக்கும் விளங்காது. அங்கே ‘டிவி கேபிள்’, ‘டிஷ் கேபிள்’, ‘ஆர்ஜி 6’ என்று கேட்க வேண்டும். ‘ரௌட்டர்’ என்பதற்குத் ‘திசைவி’, ‘ஸ்ப்ளிட்டர்’ என்பதற்குப் ‘பிரிப்பான்’, ‘அடாப்டர்’ என்பதற்குத் ‘தகவி’ ஆகிய சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன.

ஒளியிழை எங்கே முடிகிறது

இன்று வீடுகளுக்கு வரும் ஒளியிழைச் சேவை பெரும்பாலும் ‘ஜிபான்’ எனப்படும் முறையில் இயங்குகிறது. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் மின்சாரம் தேவைப்படாத ஒளிப் பிரிப்பான்களால் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளை அடைகிறது. வீட்டை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும், வீட்டிலிருந்து 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏறத்தாழ 1.25 கிகாபிட்டும் செல்கின்றன. இக்கொள்ளளவை அக்கிளையிலுள்ள வீடுகள் அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டில் ஒளியை மின்குறிகையாக மாற்றும் பெட்டியை ‘ஓ.என்.டி.’ என்பர், இக்கட்டுரை அதனை ஒளிமுனையம் என்று குறிக்கிறது. இந்தியாவில் பொருத்தப்படும் ஒளிமுனையங்களில் பெரும்பாலானவை திசைவியையும் வைஃபையையும் தம்முள் கொண்டவை.

இணைப்புக் கொடுக்க வருபவர் மின்கம்பத்திலிருந்தோ பக்கத்து மாடியிலிருந்தோ மெல்லிய கறுப்பு வடத்தை இழுத்து, சன்னல் இடுக்கு வழியாக நுழைத்து, முதலில் கிடைக்கும் மின்செருகிக்கு அருகில் பெட்டியை ஆணியில் மாட்டிவிட்டுச் செல்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணாடி இழை கூர்மையான வளைவைத் தாங்காது. மூலைக்கு மூலை ஒளி கசியும். ஒடிந்தால் இணைத்து உருக்கி ஒட்டத் தனிக் கருவி வேண்டும். எனவே அவர் குறுகிய வழியையே தேர்கிறார். தெருவாசல் முதல் கொல்லை வரை நீண்டு கிடக்கும் வீட்டில், குறுகிய வழி என்பது வாசலையடுத்த முன்கூடமே ஆகிறது.

சுவரும் அலையும்

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். அதிர்வெண் கூடக் கூடச் சுவருக்குள் ஏற்படும் இழப்பும் கூடுகிறது. அரைச் செங்கல் தடுப்புச் சுவரை எளிதில் கடக்கும் அலை, ஒன்றரைச் செங்கல் பருமனுள்ள சுண்ணாம்புக் காரைச் சுவரில் பெரும்பகுதியை இழக்கிறது. இரண்டு சுவர்களைக் கடந்தபின் எஞ்சுவது சொற்பமே. ஈரம் இவ்விழப்பை மேலும் பெருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவருக்குப் பின்னால் இணைப்பு மேலும் மந்தமாவதற்கு இது ஒரு காரணம். முற்றமுள்ள வீட்டில் அலைக்குத் திறந்த வெளி கிடைக்கிறது. ஆயினும் முற்றத்தை நோக்கிய கதவை மூடியதும் அவ்வழியும் குறுகிவிடும்.

சுவரைத் துளைத்து ஈதர்நெட் வடம் இழுக்கலாமே என்று கேட்கலாம். புதிய வீட்டில் அதுவே முதல் வழி. அதைவிடச் சிறந்தது வேறில்லை. பழைய வீட்டில் மூன்று தடைகள் எழுகின்றன. வாடகைக்கு இருப்பவருக்குத் துளையிடும் உரிமை இல்லை. சுண்ணாம்புப் பூச்சு அதிர்வில் தகடு தகடாகப் பெயரும். பெயர்ந்த இடத்தைக் கொத்தனார் சிமெண்ட் கொண்டு அடைத்தால், மூச்சுவிடும் சுண்ணாம்புச் சுவரில் ஈரமும் உப்பும் சிறைப்பட்டுச் சுற்றியுள்ள பூச்சையும் அரிக்கும். மரபுக் கட்டடப் பாதுகாப்பில் ஈடுபட்டோர் ஓயாமல் எச்சரிப்பது இதைத்தான். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் இன்டாக் அமைப்பின் துணையுடன் முகப்புகள் மீட்டெடுக்கப்பட்ட பின்னர், இவ்வீடுகளின் சுவர் ஒரு பண்பாட்டுச் சொத்து என்னும் உணர்வு நகரில் பரவியது. இணையத்திற்காக அச்சுவரில் புதிய துளை போடுமுன், முன்பே போடப்பட்ட துளை ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது நன்று. பெரும்பாலும் இருக்கிறது. அது தொலைக்காட்சிக் கம்பிக்காகப் போடப்பட்டது.

கைவிடப்பட்ட கம்பி

1990களில் கம்பிவடத் தொலைக்காட்சி பரவியபோது, ஒரு வீட்டிற்குள் வந்த கம்பியை ஒரு சிறிய பிரிப்பான் கொண்டு கூடத்திற்கும் படுக்கையறைக்கும் மாடியறைக்கும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. தொடர்முறைக் குறிகை என்பதால் எத்தனை தொலைக்காட்சிகளிலும் அது நேரடியாகத் தெரிந்தது. 2011ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சிச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 2012இல் பெருநகரங்களில் தொடங்கி எண்ணிம முறை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் தனிச் செட்டாப் பெட்டியும் தனிக் கட்டணமும் தேவைப்பட்டன. பல வீடுகளில் கூடத்துத் தொலைக்காட்சி மட்டும் எஞ்சியது. உள்ளறைகளுக்குச் சென்ற கம்பிகள் சுவரோரம் வண்ணப்பூச்சுக்குள் மறைந்தன. பின்னர் டிஷ் வந்தது. அதன்பின் இணையவழித் தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கம்பியை விட்டுச்சென்றது.

அக்கம்பி தரத்தில் தாழ்ந்ததன்று. நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புப் பூச்சு பெற்ற எஃகுக் கம்பி; அதைச் சுற்றி நுரை நெகிழிக் காப்பு; அதன்மேல் அலுமினியத் தாளும் பின்னல் உறையும்; வெளியே கறுப்பு அல்லது வெள்ளை நெகிழி. குறிகை நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே அடைபட்டுச் செல்வதால் வெளியிலிருந்து இரைச்சல் உள்ளே புகுவதும் உள்ளிருந்து குறிகை வெளியே கசிவதும் குறைவு. ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சி அலைவரிசைகளைச் சுமப்பதற்கென உருவான வடத்திற்குச் சில நூறு மெகாபிட் தரவு பெருஞ்சுமை அன்று.

ஓரச்சு வடத்தில் கணினிகளை இணைப்பது புதுமையும் அன்று. 1973இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் உருவான ஈதர்நெட் இவ்வடத்திலேயே பிறந்தது. 1990களில் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பயின்றோர், ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ‘டி’ வடிவ இணைப்பி வழியாக ஓடிய மெல்லிய கறுப்பு வடத்தை நினைவுகூரக்கூடும். கடைசிக் கணினியின் முனைத்தடுப்பானை யாரேனும் கழற்றிவிட்டால் ஆய்வகம் முழுவதும் நின்றுவிடும். அவ்வடம் 50 ஓம் மின்மறிப்புடையது. தொலைக்காட்சி வடம் 75 ஓம். இரண்டையும் கலக்கக் கூடாது. மின்மறிப்பு மாறும் இடத்தில் குறிகை எதிரொலித்துத் திரும்பும். பழைய ஆய்வக வடம் பரணில் கிடக்கிறதே என்று அதை இதற்குப் பயன்படுத்த முயல்வது வீண்.

மோக்கா என்னும் நெறிமுறை

ஓரச்சு வடத்தில் வீட்டு வலையமைப்பை உருவாக்க இன்று மிகுதியாகப் பயன்படுவது ‘மோக்கா’. பல்லூடக ஓரச்சுவடக் கூட்டணி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. அக்கூட்டணி 2004இல் அமெரிக்காவில் தொடங்கியது. இதன் 1.1 பதிப்பு வினாடிக்கு 175 மெகாபிட்டும், 2.0 பதிப்பு 400 மெகாபிட்டும், ஐந்து தடங்களைப் பிணைக்கும் 2.5 பதிப்பு 2500 மெகாபிட்டும் தரவல்லவை. இவை கோட்பாட்டு உச்சங்கள். ஒரே வடத்தைப் பகிரும் தகவிகள் அனைத்திற்கும், இரு திசைகளுக்கும் சேர்த்து உரிய கொள்ளளவு இது. ஒரு வலையமைப்பில் 16 முனைகள் வரை இணையலாம். வினாடிக்கு 100 அல்லது 200 மெகாபிட் திட்டம் பெற்றிருக்கும் வீட்டில் 2.0 பதிப்பே தாராளமாகப் போதும், 2.5 பதிப்பின் பெருமிதத்திற்குப் பணம் செலவிட வேண்டிய தேவை இல்லை.

ஒளியிழையும் ஓரச்சு வடமும் கைகோத்த பெரிய முன்மாதிரி அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் 2005இல் தொடங்கிய ஃபையோஸ் சேவை. ஒளிமுனையத்தை வீட்டின் வெளிச்சுவரிலோ கீழறையிலோ பொருத்தி, அங்கிருந்து திசைவி வரை புதிய வடம் இழுக்காமல் வீட்டில் முன்பே இருந்த தொலைக்காட்சி வடத்தையே அந்நிறுவனம் பயன்படுத்தியது. வேகத் திட்டங்கள் உயர்ந்த பின்னர் ஒளிமுனையத்திற்கும் திசைவிக்கும் இடையே ஈதர்நெட் வடம் இடம்பிடித்தது. அறைகளுக்கிடையே மோக்கா தொடர்ந்தது. அமெரிக்க வீட்டுக்கும் புதுச்சேரி வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கட்டும்போதே ஒவ்வோர் அறைச் சுவருக்குள்ளும் வடம் செலுத்தப்பட்டு ஓரிடத்தில் குவிகிறது. இங்கே அது வந்தவர் இழுத்த வழியில் கிடக்கிறது. ஆகையால் அமெரிக்கக் கையேட்டை அப்படியே பின்பற்றுவது பயன்தராது. முதலில் நம் வீட்டு வடம் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும்.

மூவகை வடங்கள்

மோக்கா பெரும்பாலும் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையைப் பயன்படுத்துகிறது. அதே வடத்தில் வேறு எக்குறிகை ஓடுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதல் வகை, எதனோடும் தொடர்பின்றிக் கிடக்கும் வடம். இதுவே உத்தமம். முழு அலைப்பட்டையும் நம்முடையது. எவருடைய சேவையும் கெடாது. எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வடம் கைவிடப்பட்டது என்று நம்புவதற்கும் உண்மையில் துண்டிக்கப்பட்டிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. கட்டணம் செலுத்துவதை நிறுத்திய பின்னும் தெருக்கம்பி அப்படியே செருகப்பட்டிருக்கும். மாடியிலோ தாழ்வாரத்து ஓட்டுக்கடியிலோ சென்று, கண்ணால் கண்டு, கையால் கழற்ற வேண்டும்.

இரண்டாம் வகை, கம்பிவடத் தொலைக்காட்சி இன்னும் ஓடும் வடம். அச்சேவை ஏறத்தாழ 862 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால் மோக்காவோடு மோதாது. இரண்டும் ஒரே கம்பியில் வாழலாம். ஆயினும் கம்பி வீட்டிற்குள் நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி பொருத்துவது கட்டாயம். விரல் நீளமுள்ள அவ்வுலோக உருளை தொலைக்காட்சி அலைகளை உள்ளே விட்டு, மோக்கா அலைகள் தெருவுக்குச் செல்லாமல் மறிக்கிறது. வீட்டிற்குள் பெருக்கிக் கருவி இருந்தால் மோக்கா அதைத் தாண்டாது. பழைய பிரிப்பான்களின்மீது ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். 1675 வரை தாங்கும் பிரிப்பானாக மாற்றிக்கொள்வது நலம். கம்பிவட மோடம் வழி இணையமும் அதே வடத்தில் வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் புதிய பதிப்பு 1218 மெகாஹெர்ட்ஸ் வரை விரியக்கூடியது.

மூன்றாம் வகை, டிஷ் ஓடும் வடம். இதில் மோக்காவைச் சேர்க்கலாகாது. டிஷ்ஷின் நடுவிலுள்ள ‘எல்.என்.பி.’ செயற்கைக்கோள் அலையை 950–2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. மோக்காவின் பட்டை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. செட்டாப் பெட்டி அதே கம்பி வழியாக 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரத்தை மேலே அனுப்புகிறது என்பதும் நினைவிற்கு உரியது. தொலைக்காட்சி கெடுவதோடு தகவியும் கெடலாம். செயற்கைக்கோள் வடத்திற்கென்று தாழ்ந்த பட்டையில் இயங்கும் மோக்கா வகை ஒன்று உண்டெனினும் அக்கருவிகள் தேடிக் கிடைப்பவை அல்ல. டிஷ் சேவையை விட்டுவிட்டவர்களுக்கு நிலை வேறு. மாடியிலிருந்து இரண்டு அறைகளுக்கு இறங்கும் இரண்டு கம்பிகளை எல்.என்.பி.யிலிருந்து கழற்றி, மாடியிலேயே ஒன்றோடொன்று ஓர் இணைப்பானால் சேர்த்துவிட்டால், அறைக்கு அறை நேர்வழி கிடைத்துவிடுகிறது. எந்தச் சுவரும் துளைக்கப்படவில்லை.

இணைக்கும் முறை

தேவையானவை: இரண்டு மோக்கா தகவிகள், இரண்டு குறுகிய ஈதர்நெட் வடங்கள், படிப்பறைக்கு ஒரு பழைய திசைவி. முன்கூடத்து ஒளிமுனையத்தின் ஈதர்நெட் வாயிலிலிருந்து முதல் தகவிக்கு ஒரு வடம்; அத்தகவியிலிருந்து சுவரோரத் தொலைக்காட்சிக் கம்பிக்கு இணைப்பு. படிப்பறையில் அக்கம்பியின் மறுமுனையில் இரண்டாம் தகவி. அதிலிருந்து கணினிக்கோ திசைவிக்கோ ஈதர்நெட். ஒளியிழையைத் தகவியோடு இணைப்பது என்ற பேச்சே இல்லை. ஒளிமுனையம் மாற்றித் தந்த மின்குறிகையே வடத்தில் பயணிக்கிறது.

பழைய திசைவியை ‘அணுக்கப் புள்ளி’ முறைக்கு மாற்ற மறந்துவிடுவது மிகுதியாக நிகழும் பிழை. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியில் அமர்ந்து, இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கத் தொடங்கினால், நன்றாக இருந்த முன்கூடத்து இணையமும் தடுமாறும். முகவரி வழங்கும் பணியை ஒளிமுனையம் மட்டுமே செய்ய வேண்டும். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டிலும் ஒன்றாக வைத்து, அலைத்தடத்தை மட்டும் வேறுபடுத்தினால் கைப்பேசி அறைக்கு அறை தானே மாறிக்கொள்ளும்.

பிரிப்பானைக் கையாள்வதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு முனைகள் மட்டுமே வேண்டுமென்றால் பிரிப்பானை நீக்கிவிட்டு நேர் இணைப்பானைப் பொருத்துவதே மேல். மூன்று அறைகளுக்குத் தேவையானால், ஒளிமுனையத்தின் பக்கமிருந்து வரும் கம்பியைப் பிரிப்பானின் உள்வாயிலில் செருக வேண்டும்; மற்ற அறைகளின் கம்பிகள் வெளிவாயில்களில் சேரும். உள்வாயிலிலிருந்து வெளிவாயிலுக்கு நான்கு கிளைப் பிரிப்பானில் இழப்பு ஏறத்தாழ 7 டெசிபெல். ஒரு வெளிவாயிலிலிருந்து மற்றொரு வெளிவாயிலுக்கோ 20 டெசிபெல்லுக்கு மேல். பிரிப்பான் அவற்றைத் தனிமைப்படுத்தவே வடிவமைக்கப்பட்டது. மோக்கா அத்தடையையும் தாண்டுமாறு உருவாக்கப்பட்டதுதான். ஆனாலும் தேவையின்றித் தாண்ட வைப்பானேன்? ஆர்ஜி 6 வடம் இந்த அதிர்வெண்ணில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 25 டெசிபெல் இழக்கும். வாசலிலிருந்து பின்கட்டு வரை 30 மீட்டர் என்று கொண்டால் 8 டெசிபெல்லுக்குள் முடிந்துவிடும். ஒரு தடித்த சுவரை விட இது சிறிய தடை. பயன்படாத வெளிவாயில்களை 75 ஓம் முனைத்தடுப்பானால் மூட வேண்டும்.

உப்புக்காற்றும் மின்னலும்

கடலோர நகரில் இம்முறை தோற்கும் இடம் பெரும்பாலும் தகவி அன்று, முனை இணைப்பே. உப்புக்காற்றில் அலுமினியப் பின்னல் வெண்பொடியாகிறது. நடுக்கம்பியின் செம்புப் பூச்சு உரிந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கிறது. தொலைக்காட்சிக் குறிகை வலுவாக இருந்ததால் இக்குறைகள் அன்று வெளிப்படவில்லை. நடுக்கம்பிகளை முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி, அப்படியே விடப்பட்ட ஒட்டுகள் பழைய வீடுகளில் ஏராளம். அவற்றை வெட்டி எறிந்து, இரு முனையிலும் புதிய எஃப் வகை இணைப்பிகளை அழுத்துக் கருவியால் பொருத்தச் செய்வதே முதல் வேலை. கம்பிவடப் பணியாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கும் வேலை இது. தகவி வாங்குவதற்கு முன் இதைச் செய்வது அறிவுடைமை; வடம் மெல்லிய ஆர்ஜி 59 வகையா, ஆர்ஜி 6 வகையா, நடுவே அறுந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மின்னலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒளியிழை கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கம்பியில் வந்த பழைய தொலைபேசி இணையத்தில் ஒவ்வோர் இடிமழைக்கும் மோடம் எரிந்த காலம் ஒளியிழையால் முடிவுக்கு வந்தது. ஒளிமுனையத்தோடு ஓரச்சு வடத்தைச் சேர்க்கும்போது, அவ்வடம் தெருவோடோ மாடி டிஷ்ஷோடோ இன்னும் பிணைந்திருந்தால், வெளியேற்றிய ஆபத்தை நாமே வீட்டிற்குள் அழைத்துவருகிறோம். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலையும் கண்ட நகரில், தலைக்கு மேல் தொங்கும் கம்பிகள் மின்கம்பிகளின்மேல் விழுவது கற்பனையான அச்சம் அன்று. இடி இல்லாத நாளிலும் தெருக்கம்பியின் உறையைத் தொட்டால் சுருக்கென்று உணர்வது பலரின் பட்டறிவு. தெருவிலுள்ள பல வீட்டுக் கருவிகளின் சிறு மின்கசிவு அப்பொது உறையில் சேர்வதே அதற்குக் காரணம். ஆகவேதான் முற்றிலும் துண்டிக்கப்பட்ட வடம் வலியுறுத்தப்படுகிறது. தொலைக்காட்சி கட்டாயம் வேண்டும் என்போர், அதற்கு ஒரு கம்பியையும் இணையத்திற்கு மற்றொரு கம்பியையும் ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே மனை, பல குடித்தனங்கள்

பழைய மனைகள் பல, உடன்பிறந்தோரிடையே பாகம் பிரிக்கப்பட்டும் வாடகைக் குடித்தனங்களாகவும் மாறியுள்ளன. சுவர் பிரிந்தாலும் தொலைக்காட்சிக் கம்பி பிரியாமல் இருப்பதுண்டு. மாடியில் ஒரே பிரிப்பான். அதிலிருந்து நான்கு குடித்தனங்களுக்கும் கிளை. அங்கே ஒருவர் மோக்கா தகவியைச் செருகினால் மற்றவரின் அறையிலும் அக்குறிகை கிடைக்கும். அவரும் ஒரு தகவி வாங்கினால் இரண்டு வீட்டு வலையமைப்புகளும் ஒன்றாகக் கலந்துவிடும். திருத்தப்படாத விடைத்தாள்களும், நேர்காணல் ஒலிப்பதிவுகளும், வெளியிடப்படாத ஆய்வேடுகளும் கணினியில் வைத்திருப்போருக்கு இது சிறிய செய்தி அன்று. மோக்கா 2.0 முதல் 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கம் உள்ளது. ஆனால் பல தகவிகளில் அது இயங்கா நிலையிலேயே வருகிறது. அமைப்புப் பக்கத்தில் நுழைந்து தனிக் கடவுச்சொல் இட்டு இயக்க வேண்டும். கிளையைப் பிரிப்பானிலிருந்தே கழற்றிவிடுவது அதனினும் உறுதியானது; அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் பிற்பாடு பேச்சு வராது.

பிற வழிகள்

மோக்கா தகவி இந்தியக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் இரட்டைத் தொகுப்பு நூறு டாலருக்கு மேல் ஆகும், சுங்கம் தனி. பிரான்சிலும் அமெரிக்காவிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் குறைவில்லை என்பதால் அவர்கள் வரும்போது கொணரச் சொல்வது நடைமுறையில் எளிது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கியா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் செருகி இங்குள்ள துளைகளில் நுழையாது.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ‘ஜி.எச்.என்.’ நெறிமுறையில் இயங்கும் கருவிகள் ஓரச்சு வடம், தொலைபேசிக் கம்பி, மின்கம்பி மூன்றுக்கும் உண்டு. மின்கம்பி வழித் தகவிகள் விலை குறைந்தவை. ஆயினும் மும்முனை மின்னிணைப்புள்ள பெரிய மனையில் முன்கூடமும் பின்கட்டும் வெவ்வேறு முனைகளில் இருந்தால் பயன் பெரிதும் குறையும். பழைய மின்கம்பி அமைப்பின் இரைச்சலும் சேரும். ‘மெஷ்’ வைஃபைப் பெட்டிகளை முற்றத்தின் இருபுறமும், ஒன்றையொன்று நேராகக் காணுமாறு வைத்தால் ஓரளவு பயன் உண்டு. தடித்த சுவரின் இருபுறமும் வைத்தால் பணம் வீண். வீட்டில் ஓரச்சு வடமே இல்லை, முற்றமும் இல்லை என்றால், ஒளிமுனையத்தையே படிப்பறைக்கு மாற்றித் தருமாறு சேவையாளரிடம் கேட்பது எல்லாவற்றையும்விட மலிவானது. புதிய இணைப்புப் பெறும் நாளிலேயே கேட்டுவிட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அளந்து பார்த்தல்

இணைத்து முடித்தபின் வேகத்தை மூன்று இடங்களில், ஈதர்நெட் வடத்தால் இணைத்த மடிக்கணினியில் அளக்க வேண்டும்: ஒளிமுனையத்தில் நேரடியாக, முன்கூடத்தில் இரு தகவிகளையும் ஒரு குறுகிய வடத்தால் இணைத்து, பின்னர்ப் படிப்பறையில். முதல் இரண்டும் ஒத்து, மூன்றாவது குறைந்தால் குறை வடத்திலோ முனை இணைப்பிலோ இருக்கிறது. முதலாவதே குறைந்தால் சேவையாளரை அழைக்க வேண்டும். தகவியின் அமைப்புப் பக்கத்தில் இரு முனைகளுக்கிடையிலான இணைப்பு வேகம் எண்ணாகக் காட்டப்படும்; அதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். எண் சரிந்திருந்தால் முதலில் மாடிக்குச் சென்று இணைப்பானைத் திறந்து நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.